மிஷன் இல்லாத ஊரில் ஒரு மிஷன் இன்

பழைய ரயில் நிலையங்களைப் பத்திப் பேசின எபிசோடுக்குப் பிறகு, "பழைய ஹோட்டல் ஒண்ணைப் பத்தியும் சொல்லுங்களேன்"னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. சரி, இன்னைக்கு ஹோட்டல். தெற்கு கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்ற ஊரில் இருக்கும் மிஷன் இன். நான் ரெண்டு ராத்திரி அங்க தங்கினேன். கூட என் அம்மா, காரைக்குடிப் பக்கத்திலிருந்து மூணு மாசத்துக்கு வந்திருக்காங்க. அப்புறம் நாலாம் வகுப்பு படிக்கிற என் மகள். அவரு வேலைன்னு வரலை. அதுவும் ஒரு வகையில நல்லதுதான், ஒரு கட்டடத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் நிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர். ஊருக்கு நடுவில் ஒரு முழு பிளாக்கையும் இந்த ஒரே கட்டடம் அடைச்சுக்கிட்டு நிற்குது. நாலு தெருவிலிருந்தும் பார்க்கலாம், நாலு பக்கமும் நாலு கட்டடம் மாதிரி தெரியும். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும் வளைவு வளைவான தாழ்வாரமும். இன்னொரு பக்கம் தேவாலயம் மாதிரி முட்டுச்சுவர், மணி தொங்கும் மதில். மேலே பார்த்தா மூர் பாணி குவிமாடம். உள்ளே நுழைஞ்சா ஸ்பானிய முற்றம், அதுக்கு மேல பால்கனி, அதுக்கும் மேல சின்னச் சின்னக் கோபுரங்கள். ஜப்பான் பாணியில் ஓர் அறை. வழி தெரியாம சுத்துறதுதான் இங்க தங்குறதில் பாதி சுகம். எங்க அறையிலிருந்து கீழே காபி குடிக்கப் போன அம்மா, திரும்பி வரும்போது வேற ஒரு மாடியில் போய் நின்னுட்டாங்க. வேலை செய்யுற ஒரு பெண்தான் கூட்டிக்கிட்டு வந்து விட்டாங்க. அந்தப் பெண்ணுக்கு ஸ்பானிஷ், அம்மாவுக்குத் தமிழ். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க.

இதோட கதையை முதலில் சொல்லிடறேன். 1874இல் விஸ்கான்சினிலிருந்து ஒரு குடும்பம் ரிவர்சைடுக்கு வருது. அப்பா பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் மில்லர், நிஜமாவே அதுதான் பெயர். இன்ஜினியர். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் வேலைக்காக வந்தவர். 1876இல் பச்சைச் செங்கல்லில் ஒரு வீடு கட்டி, வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து ஆரம்பிச்சாங்க. கிளென்வுட் என்று பெயர். 1880இல் மகன் ஃபிராங்க் மில்லர் அப்பாவிடமிருந்து அதை விலைக்கு வாங்கிக்கிறார். அப்போ அவருக்கு இருபத்துச் சொச்சம் வயசுதான்.

ஊர் அதுக்குள்ள ஆரஞ்சில் பணம் பார்க்க ஆரம்பிச்சிருந்தது. கொட்டையில்லாத நேவல் ஆரஞ்சு பிரேசிலில் இருந்து வந்து, 1870களில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணியின் தோட்டத்தில் பிழைச்சு, அதிலிருந்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத்தான் கலிபோர்னியா முழுக்கப் பரவியது. கிழக்கே பனியில் கிடக்கிற பணக்காரர்கள் குளிர்காலத்துக்கு இங்க வந்து தங்க ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு அறை மட்டும் கொடுத்தால் போதாது, ஒரு கதையும் கொடுக்கணும் என்று மில்லருக்குப் புரிஞ்சது. 1902, 1903இல் ஆர்தர் பென்டன் என்ற கட்டடக் கலைஞரை வச்சு மிஷன் பாணியில் பெரிய ஹோட்டலைக் கட்டினார். 1910, 11இல் கிளாய்ஸ்டர் பகுதி. 1913, 14இல் மைரன் ஹன்ட் வரைஞ்சு கொடுத்த ஸ்பானியப் பகுதி. கடைசியா 1931 வரைக்கும் ரொட்டண்டா, அதை வரைஞ்சவர் ஜி. ஸ்டான்லி வில்சன். நாட்டில் ஏராளமான பேருக்கு வேலை இல்லாம இருந்த பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலும் மனுஷன் நிறுத்தலை. 1935இல் இறந்துபோகும் வரை ஏதாவது ஒண்ணு கட்டிக்கிட்டே இருந்திருக்கார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மிஷன் என்றால் என்ன? ஸ்பெயினிலிருந்து வந்த பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் 1769இலிருந்து 1823 வரை கலிபோர்னியா கடற்கரையோரமா கட்டின 21 மடங்கள். தெற்கே சான் டியேகோவில் ஆரம்பிச்சு வடக்கே சொனோமா வரைக்கும். இந்த 21இல் ஒண்ணுகூட ரிவர்சைடில் இல்லை. இந்த ஊரில் மிஷன் இருந்ததே கிடையாது! பக்கத்தில் இருக்கிற மிஷன்களில் ஒண்ணு சான் கேப்ரியல், அது லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கம். அந்த சான் கேப்ரியலின் முட்டுச்சுவரையும் மணி மதிலையும் பார்த்துப் பார்த்து இங்க கட்டிவச்சார் மில்லர். இல்லாத ஒரு பழசை, கான்கிரீட்டிலும் சுண்ணாம்பிலும் உண்டாக்கினார்.

இது நமக்குப் புதுசில்லை. மெட்ராஸ் ஹைகோர்ட்டைப் பாருங்க. 1892இல் திறந்த கட்டடம். பல்லவனும் சோழனும் ஆண்ட சீமையில், இந்தோ சாரசெனிக் என்று சொல்லி, வடக்கத்திக் குவிமாடத்தைக் கொண்டுவந்து வச்சது பிரிட்டிஷ் ராஜ்யம். தாங்கள்தான் இந்த மண்ணோட பழைய ராஜாக்களுக்கு வாரிசு என்று காட்டிக்கிறதுக்கு ஒரு உடுப்பு. நமக்கும் அது பழகிப்போய், இன்னைக்கு அது நம்ம மெட்ராஸ் என்றே ஆயிடுச்சு. எனக்கு அந்தக் கட்டடம் ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிடறேன்.

கலிபோர்னியாவில் இந்த மிஷன் மோகம் வந்த விதமும் வேடிக்கைதான். ஹெலன் ஹன்ட் ஜாக்சன் என்ற எழுத்தாளர் 1884இல் 'ரமோனா' என்று ஒரு நாவல் எழுதினார். பூர்வகுடிகளுக்கு நடந்த அநியாயத்தை அமெரிக்கர்களுக்கு எடுத்துச் சொல்லணும் என்பதுதான் அவர் நோக்கம். வாசகர்கள் அநியாயத்தை விட்டுட்டு, பின்னணியில் இருந்த பழைய பண்ணை வீட்டையும் பாதிரியாரையும் மணியோசையையும் பிடிச்சுக்கிட்டாங்க. ரமோனா நடமாடிய இடம் இதுதான் என்று ரயில் ஏறி வந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கூட்டத்துக்குத் தங்க இடம் வேணுமே.

சரி, உள்ளே என்னென்ன இருக்கு? ஒரு வழிகாட்டியோட சுத்திப் பார்க்கிற ஏற்பாடு இருக்கு, கட்டாயம் அதில் சேர்ந்துக்குங்க. நாங்க போன அன்னைக்கு வந்தவர் எழுபது வயசுக்கு மேல இருக்கிற ஒரு தன்னார்வலர். சம்பளம் கிடையாது, ஆனா தன் சொந்த வீட்டைக் காட்டுற மாதிரி காட்டினார். 1909இல் ஜனாதிபதி டாஃப்ட் வந்தபோது அவரோட பருமனுக்காகவே செய்த அகலமான நாற்காலி இப்பவும் இருக்கு. என் மகளும் இன்னும் ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்ந்து போட்டோ எடுத்தாங்க. ரிச்சர்ட் நிக்ஸன் கல்யாணம் 1940இல் இங்கதான் நடந்தது, அந்த அறை இப்போ மது அருந்தும் கூடம். ரொனால்ட் ரீகன் 1952இல் தேனிலவுக்கு வந்தது இங்க. விமானிகளின் பெயரைச் செப்பு இறக்கையில் பொறிச்சு ஒரு சுவர் முழுக்க மாட்டியிருக்காங்க, அமெலியா எர்ஹார்ட் பெயரும் இருக்கு. மில்லருக்கு மணி சேர்க்கிற பைத்தியம், நூற்றுக்கணக்கில் சேர்த்திருக்கார். ரெண்டு பெரிய மக்காவ் கிளி வளர்த்திருக்கார். ஒண்ணு பேரு ஜோசப், இன்னொண்ணு நெப்போலியன்.

எனக்குப் பிடிச்சது ரொட்டண்டா. நம்ம ஊர் பெரிய வட்டக் கிணறு ஒண்ணைத் தரைக்கு மேல தூக்கி நிறுத்தின மாதிரி. நடுவில் வெறும் வானம். சுத்தி மாடி மாடியா வளைவுகள், இரும்புக் கிராதி, சுவரோட சுத்திச் சுத்தி ஏறுற படி. அடியில் நின்னு கை தட்டினா சத்தம் மேலே ஏறிப் போகுது. சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் ஒரு பக்க வளைவுகளில் மட்டும் விழும். அதைப் பார்க்கிறதுக்காகவே இன்னொரு தடவை போவேன்.

அதுக்குப் பக்கத்தில் செயின்ட் பிரான்சிஸ் சேப்பல். கதவைத் திறந்ததும் எதிரே சுவர் உயரத்துக்குத் தங்கம். மரத்தில் செதுக்கித் தங்க ரேக்கு ஒட்டின பலிபீடம், சுமார் 25 அடி உயரம். 18ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் குவானஹுவாட்டோவில், ராயாஸ் என்ற பிரபு குடும்பத்துக்காகச் செய்தது. மில்லர் அதை வாங்கிக் கொண்டுவந்தார். ரெண்டு பக்கமும் இருக்கிற வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் டிஃபனி செய்தவை. அவை நியூயார்க்கில் மாடிசன் சதுக்கத்தில் 1906இல் கட்டின ஒரு தேவாலயத்தில் இருந்தவை. பதிமூணே வருஷத்தில், 1919இல், அந்தத் தேவாலயத்தை இடிச்சுட்டாங்க. ஜன்னல்கள் இங்க வந்து சேர்ந்தன. அதாவது, சேப்பலைக் கட்டிட்டு அதுக்கு பலிபீடம் தேடலை. பலிபீடத்தையும் ஜன்னலையும் கையில் வச்சுக்கிட்டு, அதுக்கு அளவா சேப்பலைக் கட்டியிருக்காங்க.

வழிகாட்டி இதைச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கிட்டே வந்தேன். அதுவரைக்கும் அம்மா ரொம்ப உற்சாகமா இருந்தாங்க. "நம்ம ஊரு வீடு மாதிரியே இருக்கு"ன்னு முற்றத்தைப் பார்த்தப்பவே சொல்லிட்டாங்க. அது சரிதானே? பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, தரைக்கு ஆத்தங்குடிக் கல், சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீட்டை எந்தப் பாணியில் சேர்ப்பீங்க? கொண்டு விற்கப் போன இடத்தில் எல்லாம் கண்ணில் பட்டதைக் கப்பலேத்தி அனுப்பிக் கட்டினவங்க நம்ம ஆட்கள். மில்லருக்கும் அவங்களுக்கும் ஏறக்குறைய ஒரே காலம், ஒரே வியாதி.

பலிபீடத்துக்கு முன்னாடி நின்னு அம்மா கேட்டாங்க: "அப்ப இது யாரு வீட்டுச் சாமான்? அவுக ஏன் குடுத்தாக?"

வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னேன். அந்தக் குடும்பத்துக்காகச் செய்தது, பிறகு விலைக்கு வந்தது, அவ்வளவுதான் அவர் சொன்னார். அம்மா ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்குத் தெரியும் அவங்க என்ன நினைச்சாங்கன்னு. அம்மா பிறந்த வீடு இப்போ இல்லை. பதினோரு பங்கு. பர்மாவில் தொழில் போனதுக்கு அப்புறம் ஓடு மாத்தக்கூட ஒருத்தரிடமும் காசு இல்லை. எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டு, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது பிரிச்சு வித்தாங்க. வளவில் இருந்த தேக்குத் தூண், சாமி அறை நிலை, கஜலட்சுமி செதுக்கின முகப்பு நிலை எல்லாம் லாரியில் ஏறிப் போச்சு. காரைக்குடியில் பழம்பொருள் கடைத் தெரு இருக்கே, அங்க போய், அங்கிருந்து எங்க போச்சுன்னு தெரியாது. ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையிலோ பணக்கார வீட்டிலோ நிற்கும். யாராவது அதைக் காட்டி, "செட்டிநாட்டிலிருந்து வந்தது" என்று ஒரு வரி சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்தப்ப, "இவன் பத்திரமா வச்சிருக்கான்ல" அப்படீன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இங்க இருந்தும் பிரிச்சு வித்திருப்பாக, பாரு"ன்னாங்க. நான் அந்தக் கதையை அதுவரை அவங்களுக்குச் சொல்லலை. ஆனா அதுதான் நடந்தது. மில்லர் குடும்பம் 1956இல் ஹோட்டலை சான் பிரான்சிஸ்கோவின் ஹோட்டல் முதலாளி பெஞ்சமின் ஸ்விக் என்பவருக்கு வித்தது. அவர் கையில் இருந்தப்போ மில்லர் சேர்த்த பொருட்களில் பெரும்பகுதி ஏலத்துக்கும் விலைக்கும் போனது. அதுக்கப்புறம் கை மாறி மாறி, ஒரு காலத்தில் பாதி அறைகள் வாடகைக் குடியிருப்பாகூட இருந்திருக்கு. 1976இல் நகராட்சியின் மறுசீரமைப்பு நிறுவனம் வாங்கி இடிபடாம காப்பாத்தியது. 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. 1985இல் பழுதுபார்க்க மூடினாங்க. பழுது பார்த்தவங்களுக்குப் பணம் முடிஞ்சுபோய், வேலை ஏறக்குறைய முடிஞ்ச கட்டடம் பூட்டியே கிடந்தது. 1992 டிசம்பரில் டுவேன் ராபர்ட்ஸ் என்ற உள்ளூர்க்காரர் வாங்கித் திறந்தார். உறைய வச்ச பரிட்டோ வியாபாரத்தில் சம்பாதிச்சவர் அவர். பரிட்டோ காப்பாத்தின மிஷன்!

இன்னொரு கட்டடத்தைப் பத்திச் சொல்லாம இதை முடிக்க முடியாது. ஹோட்டலிலிருந்து மக்னோலியா அவென்யூ வழியா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனா ஷெர்மன் இந்தியன் ஹை ஸ்கூல். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிச்சுக் கொண்டுவந்து, தாய்மொழியை மறக்கவச்சு, வேலைக்குப் பழக்குவதற்காக அமெரிக்க அரசு நடத்தின பள்ளிகளில் ஒண்ணு. முதலில் பெரிஸ் என்ற ஊரில் இருந்தது. அதை ரிவர்சைடுக்குக் கொண்டுவரணும் என்று வாஷிங்டன் வரைக்கும் ஆள் பிடிச்சு முயற்சி பண்ணியவர் யாரு? நம்ம ஃபிராங்க் மில்லர். பள்ளிக்குப் பக்கத்திலேயே பூங்கா அமைச்சு, அங்க போக டிராமும் விட்டார். ஹோட்டலுக்கு வரும் விருந்தாளிகள் டிராம் ஏறிப்போய் 'இந்தியர்களை'ப் பார்த்துட்டு வரலாம். பையன்களை ஆரஞ்சுத் தோட்டத்துக்கும், பெண்பிள்ளைகளை வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்கும் அனுப்புற திட்டமும் அந்தப் பள்ளியில் இருந்தது.

மில்லரை வெறும் வில்லனாக்கிட்டு நகர்ந்துட முடியாது. 1914இல் புக்கர் டி. வாஷிங்டனை, கறுப்பினத்தவருக்குப் பெரிய ஹோட்டல்கள் கதவைச் சாத்தின காலத்தில், அழைச்சு விருந்து வச்சவர். உலக சமாதானத்துக்காக மாநாடு நடத்தினவர். அதே மனுஷன்தான் இந்தப் பள்ளியையும் சுற்றுலாக் காட்சியாகப் பார்த்தார். மிஷன் காலத்துப் பாதிரியாரும் பூர்வகுடியும் அன்பா வாழ்ந்த மாதிரி ஒரு கதையை அவர் விற்றார். நிஜ மிஷன்களில் பூர்வகுடிகள் கட்டாய உழைப்பிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்துப்போனாங்க. அந்த ஜனங்களோட பேரப்பிள்ளைகள் ஊர் எல்லையிலேயே ஒரு பள்ளியில் இருந்தாங்க. கதையை நம்ப வைக்கிறதுக்கு அவங்களும் ஒரு அலங்காரமா தேவைப்பட்டாங்க.

ரெண்டாம் நாள் காலையில் காரை எடுத்துக்கிட்டுப் போனோம். பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இடிச்சாச்சு. அலுவலகமா இருந்த ஒண்ணு மட்டும் மிச்சம், இப்போ அது மியூசியம். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியுது. அதே வளைவு, அதே நெளிநெளியான மதில் முகப்பு, அதே மிஷன் பாணி. கார் நிக்கிறதுக்கு முன்னாடியே என் மகள் கேட்டாள்: "அம்மா, இதுவும் அந்த ஹோட்டலா?"

இல்லை, ஸ்கூல் என்றேன். எப்படிப்பட்ட ஸ்கூல் என்று அவள் கேட்டாள், சொன்னேன். கலிபோர்னியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையிலும் சர்க்கரைக் கட்டியிலும் மிஷன் மாதிரி கட்டிக் கொண்டுபோறது ரொம்ப வருஷத்துப் பழக்கம். இப்போ மாநிலப் பாடத்திட்டமே அது வேண்டாம், அந்த இடத்தில் வாழ்ந்தவங்களைப் பத்திப் படிங்க என்று சொல்லுது. ஆனாலும் கடையில் மாடல் கிட் விற்கிறாங்க, எங்க வீட்டிலும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கு. "படிக்க வந்து செத்துப்போன பிள்ளைகளும் இருக்காங்களா?"ன்னு கேட்டாள். இருக்காங்க, அவங்களுக்குத் தனியா கல்லறைத் தோட்டமே இருக்குன்னு சொன்னேன். அம்மா பின் சீட்டிலிருந்து, "பச்சப் புள்ளைகிட்ட ஏம்மா இதெல்லாம்" என்றாங்க. மகள் "ஆயா, எனக்கு ஒம்பது வயசு" என்றாள்.

அன்னைக்கு ராத்திரி திரும்பவும் அந்த ஹோட்டலில்தான் படுத்தோம். முற்றத்தில் நீரூற்றுச் சத்தம், ஆரஞ்சுப் பூ வாசனை, மஞ்சள் விளக்கு. அழகு கொஞ்சமும் குறையலை. எனக்குத்தான் தூக்கம் வர நேரமாச்சு.

போக நினைக்கிறவங்களுக்கு ரெண்டு தகவல். தங்காமலும் சுத்திப் பார்க்கலாம். டிசம்பரில் விளக்கு அலங்காரத்துக்குப் பெரும் கூட்டம் வரும், அமைதி வேணும்னா அந்த மாசத்தைத் தவிர்த்துடுங்க. ஹோட்டலை ஒட்டின மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தா காந்தி சிலை இருக்கு, கொரிய விடுதலைத் தலைவர் ஆன் சாங் ஹோ சிலையும் இருக்கு. அவர் இந்த ஊரில் ஆரஞ்சு பறிக்கிற கூலிகளோட வாழ்ந்தவர். ஷெர்மன் மியூசியத்துக்குப் போறதுன்னா முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுக்குங்க.

அந்த வழியில், மக்னோலியாவும் ஆர்லிங்டனும் சேருற முனையில், எலைசா டிபெட்ஸோட முதல் நேவல் மரங்களில் ஒண்ணு இன்னும் உயிரோட நிற்குது. அதோட ஜோடி மரத்தை 1903இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை வச்சு ஹோட்டல் முற்றத்தில் நட்டார் மில்லர், அது இருபது வருஷம்கூடத் தாங்கலை. தெருமுனையில் நின்னது பிழைச்சிருக்கு. இப்போ ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோய் பரவுறதால, வேலிக்குள்ள வலை போட்டு மூடி வச்சிருக்காங்க. அம்மா வேலிக் கம்பியைப் பிடிச்சு எட்டி எட்டிப் பார்த்துட்டு, காய் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க.